வளையலுக்கும் ஊசிக்கும் நடுவே ஒரு கேள்வி

அழும் குழந்தை அடுத்த அழுகைக்கு மூச்சிழுக்கும் இடைவெளிக்குள் ஆக வேண்டியதை அமைதியாக முடித்துவிடும் அருங்கை வாய்த்தவரே! நரம்பு நழுவிய முதியோரிடமும் நம்பிக்கை நழுவாமல் நின்ற நல்லவரே! கிழக்குத் தாம்பரத்தில் நம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கதவு திறக்கும் முன்னரே வாசலில் வந்து நின்று, வெறும் வயிற்றோடு வந்தவர்களின் வெறுப்பையும் வேகத்தையும் விளையாட்டாகவே வாங்கிக்கொண்ட பெருந்தகையே! எங்கள் ஜான்சி அம்மையாரே! முப்பத்தோராண்டுப் பணியை முடித்து இன்று விடைபெறும் தங்களுக்கு எங்கள் வணக்கம்.

முறைப்படி இம்மடல் தங்களை முன்னிலையில் நிறுத்தி, தங்கள் பெருமைகளை வரிசை பிறழாமல் அடுக்கிச் சொல்ல வேண்டும். ஆனால் ஒவ்வொரு பெருமையைச் சொல்லும்போதும் தாங்கள் நாற்காலியிலிருந்து எழுந்து, "அது என்னுடையதில்லை, இன்னாரிடம் எடுத்தது" என்று திருத்துவீர்கள். விழா முடியாது, பந்தியும் ஆறிவிடும். ஆகவே, ஜான்சி என்னும் ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோலப் படர்க்கையில் சொல்லிவிடுகிறோம். படர்க்கையில் இருப்பவருக்கு இடைமறிக்கும் உரிமை கிடையாது. பேச்சுகளைப் பேசியவர்கள் பேசியபடியே தந்திருக்கிறோம். அவற்றில் காணும் வழுக்களுக்கு மடல் பொறுப்பேற்காது.

ஜான்சி பட்டயப் படிப்பை முடித்து, மகள் ரேஷ்மா நடக்கத் தொடங்கிய பிறகு, பீர்க்கன்கரணையிலிருந்து பேருந்தில் இங்கே வேலைக்கு வந்தார். அன்று அவருக்குத் தெரிந்தது பாடப்புத்தகத்தில் இருந்தது மட்டுமே: கையை நீட்டச் சொல்ல வேண்டும், ரப்பர் பட்டையைக் கட்ட வேண்டும், நரம்பைத் தேட வேண்டும், ஊசியைச் செலுத்த வேண்டும். பாடப்புத்தகத்துப் படத்தில் இருந்த கை அசையவில்லை. தாம்பரத்துக் கைகள் அசைந்தன, உதறின, சில கைகள் எழுந்து வீட்டுக்கே போய்விட்டன. எனவே ஜான்சி புத்தகத்தை மூடிவிட்டு ஊரைப் பார்க்கத் தொடங்கினார்.

பேருந்தில் நடத்துநர் ரூபாய்த் தாள்களை மடித்து விரலிடுக்குகளில் செருகிக்கொண்டு, மற்றொரு கையால் சீட்டுக் கிழிப்பதைப் பார்த்தார். மறுநாள் கண்ணாடிக் குழல்களை அவ்வாறே விரலிடுக்குகளில் வைத்துக்கொண்டு, மேசைப் பக்கம் திரும்பாமலே ஒவ்வொன்றாக நிரப்பினார். ரயில் நிலையப் படிக்கட்டில் பூக்கட்டும் பெண் முடிச்சுப் போடும் விதத்தையும், தவறாகப் போட்ட முடிச்சை ஓர் இழுப்பில் அவிழ்க்கும் விதத்தையும் பார்த்தார். அதற்குப் பின் அவர் கட்டிய பட்டை ஒற்றைக் கையாலேயே அவிழ்ந்தது. பெருங்களத்தூரில் முடிதிருத்துபவர் ஒருவர், முதல் மொட்டைக்கு வந்த குழந்தையைத் தாயின் மடியில் பக்கவாட்டில் அமர்த்தி, தாயின் கைக்குக் கீழே குழந்தையின் கையை வைத்து, பிடிப்பது யார் என்றே தெரியாமல் பிடித்ததைப் பார்த்தார். நம் கூடத்தில் குழந்தைகளுக்கு இன்று வரை அந்தப் பிடிதான்.

எடுத்ததை மறைக்கும் வழக்கம் ஜான்சிக்கு இல்லை. யாருக்குச் செய்து காட்டினாலும் உரியவரைச் சொல்லிவிட்டே காட்டுவார். "இது கண்டக்டர் பிடி." "இது பூக்காரம்மா முடிச்சு." நம் கூடத்துக்கு அடிக்கடி வரும் நோயாளிகளுக்கும் இது பழகிவிட்டது, "இன்னைக்கு யாரு பிடிம்மா?" என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டுவார்கள். தெரிந்த வித்தைக்கெல்லாம் ஒரு சொந்தக்காரர் இருந்தார், சொந்தக்காரருக்கெல்லாம் ஒரு பெயர் இருந்தது, பெயரையெல்லாம் ஜான்சி சொல்லிவிட்டார். எனவே அவர் மனம் தெளிவாக இருந்தது. சென்ற மாதம் வரையில்.

சென்ற மாதம் நம் நோய்க்குறியியல் மருத்துவர் ஷ்யாம்சுந்தர் ஒரு பலகை அச்சிட்டார். ஜான்சி விடைபெறுமுன் அவருடைய தனித்திறனைக் கிழக்குத் தாம்பரம், பொத்தேரி, பெரும்பாக்கம் ஆகிய மூன்று கூடங்களிலும் சுவரில் மாட்டிவிட வேண்டும் என்பது அவர் நல்லெண்ணம். அந்தத் தனித்திறனை அறியாதார் இங்கில்லை. பட்டையைக் கட்டி, பஞ்சால் துடைத்து, ஊசியைச் சாய்த்துப் பிடித்த அந்தக் கணத்தில் ஜான்சி ஒரு கேள்வி கேட்பார். பெரிய கேள்வி ஒன்றுமில்லை. "உங்க தெருவுல அந்த வேப்பமரத்த ஏன் வெட்டினாங்க?" என்பார். "இந்த மூக்குத்தி எந்தப் பக்கம் முதல்ல குத்தினது?" என்பார். பதில் பாதியில் இருக்கும்போது ரத்தம் குழலில் ஏறிக்கொண்டிருக்கும். ஊசியைக் கண்டதும் மயங்கிச் சரியும் பொத்தேரிக் கல்லூரி மாணவர்கள்கூட, சரிய மறந்து பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

"சிஸ்டர், போர்டு பிரிண்ட் ஆயிடுச்சு, பாருங்க," என்று மருத்துவர் அதை விரித்துக் காட்டினார். பெரிய நீல எழுத்தில் 'ஜான்சி முறை' என்றிருந்தது. கீழே, 'கேள்வி கேட்டு நோயாளியின் கவனத்தைத் திருப்புக' என்றொரு விதி. அதற்கும் கீழே பெயர், ஊர், வேலை என்று மாதிரிக் கேள்விகள்.

ஜான்சியின் முகம் வாடியது. "சார், இது என்னோடது இல்ல."

"தெரியுமே! கண்டக்டரா, பார்பரா?"

"ரெண்டும் இல்ல சார். வளையல் கடை தனம் அக்கா."

"அப்போ 'தனம் முறை'ன்னு போட்டுடலாமா? யாரு தனம்னு எல்லாரும் கேப்பாங்களே."

"கேக்கட்டும் சார். கேக்கறதுதானே முறையே."

மருத்துவர் சிரித்தார், ஜான்சி சிரிக்கவில்லை. "என் பேரோட போர்டு மாட்டினா ஃபங்ஷனுக்கு நான் வரல சார். சால்வை, மடல், ஒண்ணும் வேணாம். பிரியாணி மட்டும் ஜீவிதா கிட்ட குடுத்து அனுப்பிடுங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியை அழைத்தார்.

ஜீவிதா என்பவர் அடுத்த மேசையில் ரத்தம் எடுப்பவர். ஜான்சியின் நாற்காலிக்கு நாளை முதல் உரியவர். அவர்தான் எங்களிடம் ஓடி வந்து சொன்னார்: "அக்கா வர மாட்டாங்களாம்." பாராட்டு விழாவுக்குப் பாராட்டப்படுபவர் வராமலிருப்பது எந்த ஒழுங்கிலும் அடங்காது. பலகையைப் போர்த்தி வைத்தோம். தனம் அவர்களின் பெயர் உறுதியானதும் மாற்றி அச்சிடுவதாக முடிவு செய்தோம்.

தனம் கடையை ரயில் நிலையத்துக்கு மேற்கே கடைத்தெருவில் அனைவரும் பார்த்திருப்பீர்கள். அங்கே வளையல் விற்பதைவிட வளையல் போட்டுவிடுவதுதான் தொழில். கண்ணாடி வளையல் கை அளவுக்குச் சிறியதாக இருந்தால்தான் போட்ட பிறகு அழகாக நிற்கும். சிறியதைப் பெரிய கைக்குள் உடையாமல் ஏற்றுவதுதான் வித்தை. உள்ளங்கையை மாவு பிசைவதுபோலப் பிசைந்து, கட்டைவிரலை உள்ளே மடக்கி, விரல் முட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, ஒரே தள்ளு. ஜான்சிக்குத் தெளிவாக நினைவிருந்தது: கடப்பேரியில் தாய் வீட்டில் வளைகாப்பு. கைநிறையப் பச்சையும் சிவப்பும் போட வந்த தனம், முட்டியில் சிக்கிய வளையலைத் தள்ளாமல் நிறுத்தி, "பொண்ணு பொறந்தா இன்னா பேரு வெப்ப?" என்று கேட்டார். ஜான்சி "ரே..." என்று தொடங்கியபோது வளையல் மணிக்கட்டில் குலுங்கியது. வலியே தெரியவில்லை. பின்னாளில் இந்தக் கூடத்தில் முதன்முதலாகக் கை உதறிய நோயாளியிடம் ஜான்சி கையாண்டது, தனத்திடம் எடுத்த அந்த உபாயத்தைத்தான்.

ஆகவே ஜான்சி நேரே கடைக்குப் போனார். தனம் ஒரு மணப்பெண்ணின் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"அக்கா, உங்க பேர போர்டுல போடப் போறோம்."

"இன்னா போர்டு? கரண்ட் ஆபீசா? பில்லு கட்டியாச்சும்மா."

ஜான்சி விளக்கிச் சொன்னார். தனம் மணப்பெண்ணின் கையை விட்டுவிட்டு ஜான்சியை மேலும் கீழும் பார்த்தார்.

"தோ பாரு ஜான்சிம்மா. அது என்னுது இல்ல. உன்னுது."

"என்னது என்னோடதா?"

"எனக்கு மஞ்சக்காமாலை வந்துச்சுல்ல? ரத்தம் எடுக்கணும்னாங்க. நான் நடுங்கிகினு கீறேன். நீதான் கேட்ட, 'உங்க கடையில எந்தக் கலரு சீக்கிரம் தீருது'ன்னு. பச்சைன்னு வாயத் தொறக்கறதுக்குள்ள நீ பஞ்ச வெச்சு அமுக்கிட்ட. அன்னிக்கே நென்ச்சுகினேன், இத்த நம்ம கடையில போட்டுப் பாக்கணும்னு. அதத்தான் உன் வளைகாப்புல உனக்கே போட்டேன்."

ஜான்சிக்குத் தலை சுற்றியது. "வளைகாப்பு அப்போ நான் வேலைக்கே சேரலையே அக்கா. ரேஷ்மா நடக்க ஆரம்பிச்ச பிறகுதான் சேர்ந்தேன். அதுக்கு முன்னாடி உங்களுக்கு நான் எப்படி ரத்தம் எடுத்திருப்பேன்?"

"எடுத்தியே! மூஞ்சி உன் மூஞ்சிதான்."

"வேற நர்ஸா இருக்கும்."

"அப்ப வளைகாப்பும் வேற பொண்ணோ? ஜெரோம் சம்சாரம்தான நீ?"

"ஆமா."

"அப்ப உன்னுதுதான். ரெண்டும் உன்னுதுதான். கொளப்பாத, போ."

கையை நீட்டியபடி காத்திருந்த மணப்பெண், "ஆன்ட்டி, வளையல் எனக்குத்தானே?" என்று கேட்டதும்தான் தனம் வேலைக்குத் திரும்பினார்.

வீட்டுக்குப் போய் ஜான்சி கணவர் ஜெரோமைக் கேட்டார். வளைகாப்பில் தனம் அக்கா கேள்வி கேட்டது உண்மைதானே என்று சாட்சி தேடினார். "ஆம்பளைங்க எல்லாரையும் வெளியில நிக்க வெச்சீங்க. நீ கத்தின கத்து மட்டும்தான் எனக்குக் கேட்டுச்சு," என்றார் ஜெரோம். அந்த ஒரு சொல்லில் ஜான்சியின் எஞ்சிய உறுதியும் உடைந்தது. வலியே தெரியவில்லை என்றல்லவா அவர் இத்தனை காலம் நினைத்திருந்தார்? கத்தியிருந்தால் வலித்திருக்க வேண்டும். வலித்திருந்தால் கேள்வி பலிக்கவில்லை. பலிக்காத கேள்வியையா அவர் எடுத்துக்கொண்டு வந்தார்? அல்லது தனம் கேட்கவே இல்லையா? அல்லது கேட்டது ஜான்சிதானா, எங்கோ, எவரிடமோ, தனக்கே நினைவில்லாத ஒரு காலத்தில்? பொருளைக் களவு கொடுத்தவர் புலம்பலாம். பொருள் யாருடையது என்று தெரியாமல் கையில் வைத்திருப்பவர் என்ன செய்வது?

இதற்கிடையில் ஒழுங்கு தவறிய ஒரு காரியம் நடந்தது. போர்த்தி வைத்த பலகையை ஜீவிதா விலக்கிப் பார்த்து, அதிலிருந்த மாதிரிக் கேள்விகளை மனப்பாடம் செய்து, மாற்றுப் பணிக்குப் போன பெரும்பாக்கத்துக் கூடத்தில் முயன்றார். அங்கு வந்தவர் கட்டட வேலைக்குப் போகும் துரை என்பவர். ஜீவிதா ஊசியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, பலகையில் உள்ள வரிசை மாறாமல் தொடங்கினார்.

"உங்க பேரு என்ன சார்?"

"சீட்டுலயே கீதேம்மா."

"எந்த ஊரு? வீட்ல எத்தனை பேரு? என்ன வேலை பாக்கறீங்க?"

துரை கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "இன்னா மேடம், போலீஸ் விசாரணையா? நான் இன்னா பண்ணேன்?" அன்று அவர் ரத்தம் கொடுக்காமலே போய்விட்டார்.

செய்தி மருத்துவருக்கு எட்டியது. "போர்டுல கரெக்டாத்தானே போட்டிருக்கேன்! சிஸ்டரும் கேள்விதானே கேக்கறாங்க?" என்று அவர் தம் பலகையைத் தாமே திரும்பத் திரும்பப் படித்துக் குழம்பினார். இருவர் கேட்டதும் கேள்விதான். ஊசி அதே ஊசி. ஒருவர் கையில் பலிக்கிறது, மற்றவர் கையில் விசாரணை ஆகிறது. ஜான்சியோ இந்தச் செய்தியைக் கேட்டு மேலும் குழம்பினார். வித்தை யாருடையது என்பதுதான் அதுவரை தெரியாதிருந்தது. வித்தை எது என்பதே இப்போது தெரியாமல் போயிற்று.

அவையோரே, இனிச் சொல்வதைச் சற்று வருத்தத்துடன் சொல்கிறோம். நடத்துநர் பிடியும் பூக்கார முடிச்சும் பழுதின்றி இருந்த அந்தக் கைக்கு ஊசி முனையில் ஒரு தயக்கம் வந்தது. கேள்வி கேட்க வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும், 'இது யார் கேள்வி?' என்னும் இன்னொரு கேள்வி குறுக்கே வந்து நின்றது. வாய் மூடிக்கொண்டது. வாய் மூடியதும் கை நடுங்கியது. ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு ஜான்சி இரண்டு முறை குத்த நேர்ந்தது. அவர் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டார், ஜான்சி பொறுத்துக்கொள்ளவில்லை. அன்று மதியம் ஜீவிதாவிடம், "எனக்கு நாள் முடிஞ்சுதான் போச்சு. கை இதோட நின்னுட்டா நல்லது," என்றார். இத்தனை ஆண்டு உழைத்த கையை இப்படி ஒரு சந்தேகத்தோடு வீட்டுக்கு எடுத்துப்போவதா? எங்களுக்கு விழாக் கவலை. அவருக்குக் கைக் கவலை.

சென்ற வாரம் தனம் சர்க்கரை அளவு பார்க்க வெறும் வயிற்றோடு வந்தார். வரும்போதே உரத்த குரல்.

"ஜான்சிம்மாதான் எடுக்கணும். வேற யாராச்சும் கைய வெச்சா அவங்களுக்கு வளையல் போட்டு அனுப்பிடுவேன்."

ஜான்சிக்கு மறுக்க வழியில்லை. தனத்தின் கை சதைப்பிடிப்பான கை. ஆண்டுக்கணக்காகச் சர்க்கரை இருக்கும் கை. நரம்பு விரலுக்கு எட்டுவதும் ஊசியைக் கண்டால் ஒளிவதுமாக இருந்தது. ஜான்சி பட்டையைக் கட்டினார், துடைத்தார், சாய்த்துப் பிடித்தார். ஒன்றும் கேட்கவில்லை. குத்தினார். நரம்பு வழுக்கிப் போயிற்று. வெளியே எடுத்து, பஞ்சை வைத்து அழுத்தி, மறு கையில் கட்டினார். விரல் நுனி நடுங்குவதை அடுத்த மேசையிலிருந்து ஜீவிதாவும் பார்த்தார், அறிக்கையில் கையெழுத்திட வந்த மருத்துவரும் பார்த்தார், தனமும் பார்த்தார்.

"இன்னாம்மா இது, மழையில நனைஞ்ச கோழி மாரி ஆடுது? கேளேன்."

"என்ன கேக்கறது?"

"எதுனா கேளு. வழக்கமா கேப்பியே."

ஜான்சியிடம் அப்போது ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. வாரக்கணக்காகத் தொண்டையில் சிக்கியிருந்த கேள்வி. "யாருகிட்ட கத்துக்கிட்டீங்க அக்கா? சத்தியமா சொல்லுங்க. எனக்குத் தெரியணும்," என்றார்.

"அதான் சொன்னனே, உன்னாண்டதான்னு. காமாலை வந்தப்ப நீ..."

ரத்தம் குழலில் ஏறிக்கொண்டிருந்தது.

ஜான்சியே அதைப் பார்த்துத் திடுக்கிட்டார். நரம்பைக் கண்டதும் தெரியாது. ஊசி போனதும் தெரியாது. கை தன் போக்கில் முடித்திருந்தது. "பாத்தீங்களா, பேசிட்டே இருந்ததுல உங்களுக்குத் தெரியவே இல்ல," என்றார்.

தனம் தலையை ஆட்டினார். "எனக்கா தெர்ல? நான் ஊசியத்தான் பாத்துகினு இருந்தேன். வித்தை தெரிஞ்சவளாண்ட இந்த வித்தை எடுபடுமா? குத்துனது நல்லா வலிச்சுது. என் கெவனம் எங்கியும் போவல. போனது உன் கெவனம்தான். நீ என் மூஞ்சியப் பாத்துகினு கீற, உன் கை அதும்பாட்டுக்கு வேலை செய்யுது."

மருத்துவர் ஷ்யாம்சுந்தர், "ஒரு நிமிஷம். அப்போ கேள்வி பேஷண்டுக்கு இல்லையா?" என்றார்.

"இல்ல போலகீது, சார்," என்றார் தனம். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது, கண்கள் விரிந்தன. "ஐயோ! அப்ப நானும் இத்தினி வருசமா என்னையேவா ஏமாத்திகினு இருந்தேன்?"

அன்றே கடைக்குப் போய்ச் சோதித்துப் பார்த்துவிட்டு, தொலைபேசியில் அழைத்து முடிவையும் சொன்னார். கேட்காமல் போட்டால் அவர் விரல் விறைத்துக்கொள்கிறதாம், வளையல் முட்டியில் நிற்கிறதாம். மெய்யாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு ஒன்றைக் கேட்டால் கை இளகுகிறதாம். வாடிக்கையாளர்கள் கத்துவது என்னவோ இரண்டு முறையிலும் கத்துகிறார்கள். ஜெரோம் சொன்னதும் பொய்யில்லை என்றாயிற்று.

"அப்போ நம்ம ரெண்டு பேரும் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் எடுத்துக்கிட்டது என்னதான் அக்கா?" என்று ஜான்சி தொலைபேசியில் கேட்டார்.

"தெர்லம்மா. ஆனா எடுத்தோம்."

யார் முதலில் கேட்டார் என்பது இன்று வரை தெரியவில்லை. மஞ்சள்காமாலைக்கு ரத்தம் எடுத்தவர் யார் என்பதும் தெரியவில்லை. எங்கோ ஒரு மூன்றாமவர் இருந்திருக்கலாம். அவர் மற்றொருவரைப் பார்த்து எடுத்திருக்கலாம். பார்த்ததைத் தவறாகப் புரிந்துகொண்டே எடுத்திருக்கலாம். இருவரும் எடுத்தது நோயாளியை ஏமாற்றும் வித்தை என்று எண்ணித்தான் எடுத்தார்கள். கையில் வந்து சேர்ந்ததோ தம் கையைத் தாமே அமைதிப்படுத்தும் வித்தை. எண்ணியது ஒன்று, எடுத்தது ஒன்று. ஜான்சி இதை எங்களிடம் சொல்லும்போது இன்னும் குழப்பத்தோடுதான் சொன்னார். ஆனால் சொன்ன மறுநாள் முதல் அவர் கை நடுங்கவில்லை. விடை கிடைத்ததால் அல்ல. கேட்பதற்கு அவருக்கு இப்போது முடிவில்லாத ஒரு கேள்வி கிடைத்துவிட்டது. கண்ணில் படுவோரிடமெல்லாம், "நீங்க செய்யற வேலைய யாரப் பாத்துக் கத்துக்கிட்டீங்க?" என்று கேட்கிறார். கேட்டுக்கொண்டே எடுத்துவிடுகிறார்.

மருத்துவர் பலகையைத் திருத்தினார். மாதிரிக் கேள்விகள் முழுவதும் நீக்கப்பட்டன. 'நோயாளியின் கவனத்தைத் திருப்புக' என்னும் விதியும் நீக்கப்பட்டது. இப்போது அதில் இருப்பது ஒரு கையின் படமும், 'உங்களுக்கு மெய்யாகவே தெரிய வேண்டியதைக் கேளுங்கள்' என்னும் ஒரு வரியும்தான். மேலே பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. அதை நிரப்பக் கூடாது என்பது ஜான்சியின் நிபந்தனை; நிரப்ப முடியாது என்பது எங்கள் அனுபவம். துரை மறுபடி பெரும்பாக்கத்துக் கூடத்துக்கு வந்தபோது, அன்றும் அங்கே பணியிலிருந்த ஜீவிதா பலகையைப் பாராமல், "அன்னைக்கு என்மேல ரொம்பக் கோவமா அண்ணா?" என்று கேட்டார். அது அவருக்கு மெய்யாகவே தெரிய வேண்டியிருந்தது. துரை, "கோவம்லாம் இல்லம்மா, கொஞ்சம் பேஜாராயிட்டேன்," என்று சொல்லி முடிப்பதற்குள் குழல் நிறைந்திருந்தது.

இனிப் படர்க்கை போதும்; முன்னிலைக்குத் திரும்புகிறோம்.

அம்மையாரே! ஊரெல்லாம் தேடி எடுத்ததை ஒளிக்காமல் உரைத்த உண்மைக்குரியவரே! பிறர் கையில் கண்டதைப் பெற்றுப் பிறர் கைக்கே பயனாகத் திருப்பித் தந்த பண்பாளரே! தங்கள் நாணயத்தை மதித்து இம்மடலில் 'கண்டுபிடித்தவர்' என்னும் சொல்லை இந்த வரியைத் தவிர எங்கும் எழுதவில்லை, தேடிப் பார்த்துக்கொள்ளலாம். தாங்கள் எடுத்தவை அனைத்தும் இன்னாரிடமிருந்து எடுத்தவை என்று ஒப்புக்கொள்கிறோம். அவ்வாறே, நாளை முதல் எங்கள் கைகள் செய்வதெல்லாம் தங்களிடமிருந்து எடுத்தவை என்பதைத் தாங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதைத் திருத்த எழ வேண்டாம்.

கணவர் ஜெரோம் அவர்களோடும் மகள் ரேஷ்மாவோடும் தாங்கள் உடல்நலமும் உள்ளநலமும் குன்றாமல் நெடுங்காலம் வாழ்க! தங்கள் சர்க்கரையும் கொழுப்பும் என்றென்றும் எல்லைக்குள் நிற்க! எப்போதேனும் பரிசோதனைக்கு வர நேர்ந்தால் வரிசையில் நிற்காமல் நேரே உள்ளே வருக. தங்களுக்கு ரத்தம் எடுக்கப் போகிறவர் யாராயினும் அன்று அவருக்குக் கேட்க நிறைய இருக்கும்.

இறுதியாக ஒன்று. இம்மடலைத் தங்கள் கையில் தர தனம் அவர்களை மேடைக்கு அழைத்திருக்கிறோம். ஒரு கை அவருடையது. சட்டகத்தின் மறுமுனையைப் பிடித்திருப்பவை எங்கள் கைகள். அவை சற்று நடுங்குவது தங்கள் கண்ணுக்குத் தப்பாது. எத்தனையோ கைகளைப் பிடித்த தங்களுக்கு நடுக்கத்தின் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. ஆகவே பலகையில் உள்ளபடி, எங்களுக்கு மெய்யாகவே தெரிய வேண்டிய ஒன்றைக் கேட்கிறோம்:

திங்கட்கிழமை காலையில், இந்தக் கதவு திறக்கும் முன்னரே, எங்கே போய் நிற்பீர்கள், அக்கா?

சொல்லத் தொடங்குங்கள். பாதி சொல்வதற்குள் மடல் தங்கள் கையில் இருக்கும்.

தங்கள் கையைப் பார்த்துக் கை பழகிய,
மருத்துவரும் பணியாளர்களும்,
ரத்தப் பரிசோதனைக் கூடம்,
கிழக்குத் தாம்பரம், பொத்தேரி, பெரும்பாக்கம்.